சந்திராவின் நேரம் இலவசம், வெள்ளிக்கு எங்கே போவது?

நாசாவின் சந்திரா எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியில் நோக்கு நேரம் கேட்க அமெரிக்காவில் இருக்க வேண்டியதில்லை. மலேசியாவில் பினாங்கு கெலுகோரிலோ கோலாலம்பூர் லெம்பா பந்தாயிலோ இருக்கும் விரிவுரையாளர் முதன்மை ஆய்வாளராகவே விண்ணப்பிக்கலாம். ஒரு சென் கட்டணம் கிடையாது. நேரம் கிடைத்துவிட்டால் பணமும் கூடவே வந்துவிடும் என்று நம்பித் திட்டம் போடுவதுதான் தவறு. நேரம் அங்கிருந்து வரும், வெள்ளி (ரிங்கிட்) இங்கிருந்துதான் வர வேண்டும்.

அங்குள்ள நடைமுறை இரண்டு படி. முதல் படியில் அறிவியல் மட்டும்: எந்தப் பொருளை, எத்தனை வினாடி, எதற்காகப் பார்க்க வேண்டும். டிசம்பர் வாக்கில் அழைப்பு வரும், மார்ச் நடுவில் மூடும், ஜூனில் மதிப்பீட்டுக் குழுக்கள் கூடும், ஜூலையில் முடிவு தெரியும். தேர்வானவர்களிடம் மட்டும் இரண்டாம் படியில் செலவுக் கணக்கு கேட்பார்கள். அந்தப் பணத்தை நாசாவின் சார்பில் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் மானியமாகக் கொடுக்கிறது. அது அமெரிக்க நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே. முதன்மை ஆய்வாளர் பினாங்கில் இருந்தால், குழுவிலுள்ள அமெரிக்க இணை ஆய்வாளர் தம் பங்கு வேலைக்குக் கேட்டுப் பெறலாம். நம் மாணவரின் உதவித்தொகைக்கு அதிலிருந்து எதுவும் வராது. ஆனால் கட்டுரை வெளியீட்டுக் கட்டணத்தை அவர் தம் மானியத்தில் ஏற்றுக்கொள்வாரா என்று தொடக்கத்திலேயே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் அரச வானியல் கழக ஆய்விதழான எம்என்ஆர்ஏஎஸ் 2024 ஜனவரியிலிருந்து முழுத் திறந்த அணுக்கத்துக்கு, அதாவது படிப்பவருக்கு இலவசம், எழுதுபவருக்குக் கட்டணம் என்ற முறைக்கு, மாறிவிட்டது. அங்கே வெளியிட நினைப்பவர்களுக்கு இது சின்னத் தொகை அல்ல.

இங்கே முதல் வழி உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆராய்ச்சி மானியம், எல்லாரும் சொல்லும் எஃப்ஆர்ஜிஎஸ். எக்ஸ்-கதிர் வானியலுக்கு இது இயல்பாகவே பொருந்தும். விற்பனைக்குப் போகும் பொருளை யாரும் எதிர்பார்ப்பதில்லை, புதிய அறிவும் பயிற்சி பெற்ற ஆளும்தான் கேட்கிறார்கள். செலவுப் பட்டியலில் வோட் (செலவுத் தலைப்பு) 11000 சம்பளத்துக்கு, 21000 பயணத்துக்கு, 27000 ஆராய்ச்சிப் பொருள்களுக்கு, 29000 தொழில்முறைச் சேவைகளுக்கு, 35000 கருவிகளுக்கு. ஆய்வகத் துறைகளின் பழைய விண்ணப்பத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு 27000-யிலும் 35000-யிலும் பெருந்தொகை எழுதினால், வேதிப்பொருளும் கருவியும் வேண்டாத ஆய்வுக்கு இது எதற்கு என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. நம் வேலைக்குக் கருவி வானத்தில் இருக்கிறது. தரவு இலவசம், அதைப் பகுக்கும் சியாவோ மென்பொருளும் இலவசம், 16 ஜிபி நினைவகமுள்ள சாதாரண லினக்ஸ் கணினியில் ஓடும். 100,000 வெள்ளி கேட்கிறீர்கள் என்றால், என் கணக்கில் 60,000-ஐயாவது 11000-இல் வைத்து ஒரு பட்டதாரி ஆராய்ச்சி உதவியாளரை முழு நேரமாக எடுக்க வேண்டும். அடுத்து வெளியீடு, பயணம். கடைசியில்தான் வன்வட்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கு இடமுண்டா, வெளியீட்டுக் கட்டணம் எந்த வோட்டில் போகும் என்பதை அந்தச் சுற்றின் வழிகாட்டியில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டு நாள்காட்டிகளும் ஒத்துப்போகாது என்பது இன்னொரு சிக்கல். ஜூலையில் நேரம் கிடைத்தாலும் தொலைநோக்கி உங்கள் பொருளைப் பார்க்க ஓராண்டுக்கு மேல் ஆகலாம். இங்கே மானியம் தொடங்கிய நாளிலிருந்து மாதங்கள் ஓடிக்கொண்டிருக்கும். செலவும் ஆகாமல் முன்னேற்ற அறிக்கையிலும் எழுத ஒன்றுமில்லாமல் முதல் ஆண்டு போய்விடும். அதனால் முதல் 12 மாதங்களைக் காப்பகத் தரவின் மேல் கட்டுங்கள். 1999 ஜூலையில் ஏவப்பட்டதிலிருந்து சந்திரா எடுத்ததில் பெரும்பகுதி இப்போது யார் வேண்டுமானாலும் தரவிறக்கக்கூடியது. அதன் மூலப்பட்டியலில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட எக்ஸ்-கதிர் மூலங்கள் இருக்கின்றன. தரவிறக்கி, மறுசெயலாக்கி, நிறமாலை பிரித்தெடுப்பது வரை ஒரு முதுகலை மாணவர் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். புதிய நேரம் கிடைக்காவிட்டாலும் ஆய்வேடு கைவிட்டுப் போகாது.

இனி நேரம் கேட்கும் விண்ணப்பம் தோற்றுப்போகும் இடங்கள். நேரக் கணக்கில் வரும் பிழைதான் மிகக் கொடியது. ஒரு மூலம் வினாடிக்கு 0.002 ஃபோட்டான் (ஒளித்துகள்) தருகிறது என்றால் 50,000 வினாடியில் 100 கிடைக்கும், அதன் வர்க்கமூலம் 10 என்பதால் எண்ணிக்கைப் பிழை 10 விழுக்காடு. 2002-இல் வந்த கட்டுரையின் ஃபோட்டான் விகிதத்தை அப்படியே எடுத்துப் போட்டால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். சந்திராவின் ஏசிஸ் கேமராவின் ஒளித்தடுப்பு வடிகட்டியில் ஆண்டுக்கணக்காகப் படலம் படிந்து, 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உணர்திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. 100 என்று நினைத்தது 50 ஆனால் பிழை 14 விழுக்காடு. மென்மையான நிறமாலை கொண்ட, அதாவது குறைந்த ஆற்றல் கதிர்களே மிகுந்த, பொருளுக்கு நிலைமை இன்னும் மோசம். ஃபோட்டான் விகிதத்தைக் கணிக்கும் பிம்ஸ் கணிப்பானில் நடப்புச் சுற்றின் பயனுறு பரப்பை (கருவியின் கதிர் சேகரிக்கும் திறனை) தேர்ந்தெடுத்தே கணக்கிட வேண்டும்.

பிரகாசமான மூலத்துக்கு எதிர்த்திசைச் சிக்கல். ஏசிஸ் வழக்கமாக 3.2 வினாடிக்கு ஒரு சட்டகம் (படம்) எடுக்கும். அதற்குள் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால் இரண்டின் ஆற்றலையும் கூட்டி ஒன்றாகப் பதியும். வினாடிக்கு 0.1 வரும் மூலத்துக்குச் சட்டகத்துக்கு 0.32, நிறமாலை கெட்டுவிடும். ஒரே சில்லில் எட்டில் ஒரு பங்கை மட்டும் படிக்கும் துணைப்பரப்பு கேட்டால் சட்டக நேரம் 0.4 வினாடியாகக் குறையும், சட்டகத்துக்கு 0.04 மட்டுமே. இதை விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதாமல் விடுவது, கருவியை அறியாதவர் என்று நீங்களே சொல்வதற்குச் சமம். அதேபோல 100,000 வினாடியை ஒரே மூச்சில் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். விண்கலத்தின் வெப்பக் காப்புறை பழசாகிவிட்டதால் நீண்ட நோக்குகளைத் துண்டுகளாக்கியே அட்டவணை போடுகிறார்கள்.

ஒரு விஷயம் நமக்கு உண்மையிலேயே சாதகம். மதிப்பீடு இப்போது இருபுறமும் பெயர் மறைத்து நடக்கிறது. பல்கலைக்கழகம் எது என்பதே தெரியாமல் படிப்பார்கள். பெரிய பெயர் இல்லாத இடத்திலிருந்து விண்ணப்பிப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. சென்னையில் படித்து வளர்ந்த வானியற்பியலர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய கருவிக்கு இப்படி ஒரு கதவு திறந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. "எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி" என்று எழுதிவிட்டால் அந்தச் சாதகம் போய்விடும். அந்தக் கட்டுரையையும் பிறர் கட்டுரைபோலவே மேற்கோள் காட்டுங்கள்.

ஒரே கருவியை நம்பியும் இருக்க வேண்டாம். 2024 மார்ச்சில் வந்த நாசா வரவுசெலவு முன்மொழிவு, ஆண்டுக்கு ஏறத்தாழ 68 மில்லியன் டாலராக இருந்த சந்திராவின் ஒதுக்கீட்டை 41 மில்லியனாகக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பாவின் எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியான எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஆகஸ்டில் அழைப்பு விடுத்து அக்டோபரில் மூடுகிறது, எந்த நாட்டவரும் கேட்கலாம், பணம் அங்கும் இல்லை. வேகமாக மாறும் இரட்டை விண்மீன் மூலங்களைப் பார்ப்பவர்கள் 2015-இல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தின் லாக்ஸ்பிசி எனும் எக்ஸ்-கதிர் உணரியின் தரவைத் தேடலாம்.

சந்திராவுக்கான கடைசி நேரம் வழக்கமாக அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 6 மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரம் மாறுவதால் நமக்கும் அவர்களுக்கும் இடையிலான 13 மணி நேர வேறுபாடு 12 ஆகிவிடும். ஆக, பினாங்கில் மறுநாள் காலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள். பழைய கணக்கில் 7 மணி என்று குறித்து வைத்தவருக்கு அடுத்த வாய்ப்பு ஓராண்டு கழித்துத்தான்.