ஓடைக்கு மேற்கு

சென்ற கோடை விடுமுறையில் சேலம் அம்மாபேட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, பரணிலிருந்த தகரப் பெட்டியில் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய மூன்று காகிதங்கள் கிடைத்தன. 1966-ஆம் ஆண்டு என் தாத்தா சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில், ஒன்றரை ஏக்கர் நிலம் வாங்கினார். அந்த நிலத்தின் கிரயப் பத்திரம் ஒன்று. வாங்கிய செய்தியைச் சேலத்திலிருந்த தம்பிக்குத் தாத்தா எழுதிய உள்நாட்டுக் கடிதம் மற்றொன்று. அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, எழுதிவந்த வரவுசெலவு நோட்டு மூன்றாவது. சின்னத்தாத்தா மறைந்தபின் அவர் வீட்டுக் காகிதக் கட்டோடு அந்தக் கடிதமும் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. நான்காவதாக, அன்று பன்னிரண்டு வயதாக இருந்த என் அத்தையின் வாய்ச்சொல் இருக்கிறது. ஒரே நிலம், ஒரே விலை, ஒரே மனிதர்கள். ஆனால் நான்கிலும் இருக்கும் தமிழ் ஒன்றாக இல்லை. மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு, உரைவகை மாறும்போது மொழியில் உண்மையில் எது மாறுகிறது என்பதை இந்தக் காகிதங்கள் அளவுக்குத் தெளிவாக வேறெதுவும் காட்டியதில்லை.

முதலில் பத்திரத்தைச் சொல்கிறேன். இரண்டரைப் பக்கம் நீளும் அதில் சொத்து விவரத்துக்கு முந்தைய பகுதி முழுவதும் ஒரே வாக்கியம். 'எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம் என்னவென்றால்' என்று தொடங்கி, 'எனக்குப் பாத்தியப்பட்டதும் என் அனுபோக சுவாதீனத்தில் இருந்துவருவதுமான' என்று நிலத்தை அடைமொழிகளால் கட்டி, 'ரூபாய் ஆயிரத்து இருநூறை ரொக்கமாகப் பற்றிக்கொண்டு' என்று எச்சத்தில் நின்று, 'இன்று முதல் தாங்களே தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ளவும்' என்ற இடத்தில்தான் அது மூச்சு விடுகிறது. தானம், பரிமாற்றம், விற்பனை எதற்கும் உரிமையோடு தலைமுறை தலைமுறையாக ஆண்டுகொள்ளலாம் என்பதே இந்த இறுதிப் பகுதியின் பொருள். வடசொல் மிகுதியைப் பார்த்து, பத்திரத்தை விளங்காமல் ஆக்குவது அதுதான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பகுதியை என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்து எளிய தமிழில் எழுதச் சொன்னேன். சாசனத்தை ஆவணமாகவும், பாத்தியத்தை உரிமையாகவும், சுவாதீனத்தைக் கைவசமாகவும் அவர்கள் மாற்றினார்கள். எல்லாம் சரியான சொற்கள்தாம். ஆயினும் எழுதி முடித்ததைப் படித்தபோது அது முன்போலவே பத்திரமாகத்தான் இருந்தது. சொல் மாறியும் உரைவகை மாறவில்லை.

சொல்லைத் திருத்துவது சிறிய பணி என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கலைச்சொற்களுக்காகத் தமிழில் தொடக்க காலத்தில் எடுக்கப்பட்ட முயற்சிகளுள் ஒன்று இந்தச் சேலத்தோடு தொடர்புடையது. இங்கே வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, 1916-இல் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை இங்கிருந்த நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். சொல்லின் வேரை அவரைப் போல விடாமல் தேடியவர் அரியர். அந்த உழைப்பின் பயனை நாம் ஒவ்வொரு நாளும் துய்க்கிறோம். நான் சொல்ல வருவது வேறு: உரைவகையின் முதுகெலும்பு பெயர்ச்சொல்லில் இல்லை, வினையில் இருக்கிறது.

பத்திரத்தில் வினை ஏன் முடியாமல் எச்சத்திலேயே ஓடுகிறது? முற்றுப்புள்ளி விழுந்த இடத்தில் வாக்கியத்தை வெட்டி எடுத்து, இந்த ஒரு பகுதி மட்டும்தான் செல்லும் என்று பிற்காலத்தில் எவரும் வாதிடலாம். எச்சத்தில் நிற்கும் தொடரை அவ்வாறு பிரிக்க முடியாது. பணம் பெற்றதும், நிலம் கைமாறியதும், வில்லங்கம் இல்லை என்ற உறுதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால்தான் ஒன்றை ஏற்பவர் மற்றதையும் ஏற்றாக வேண்டும். பத்திர எழுத்தர்கள் இதை இலக்கணமாகப் படித்திருக்க மாட்டார்கள், கைப்பழக்கமாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்திரத்தில் 'நான்' என்று பேசுபவர் நிலத்தை விற்றவர். அவருடைய கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை இருக்கிறது. ரேகை வைத்தவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் 'வினிமயம்' என்று சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை. 'தாங்கள்' என்று அழைக்கப்படும் என் தாத்தாவை அவர் நேரில் அப்படி அழைத்திருக்கவும் மாட்டார். எழுதியவர் 'நான்' இல்லை. 'நான்' என்று சொல்பவர் எழுதவில்லை. அந்த நீலநிற ரேகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரைப் பக்கத்திலும் அந்த மனிதருடையது என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

இனிக் கடிதம். 'இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்' என்ற வழக்கமான தொடக்கத்துக்குப் பிறகு தாத்தா எழுதுகிறார்: 'நாகலூர் பூமி கிரயம் ஒருவழியாக முடிந்துவிட்டது. பத்திரமும் ரிஜிஸ்தர் ஆகிவிட்டது. மிளகு காய்க்கத் தொடங்கிவிட்டால் பிறகு கவலை இல்லை. நீ ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகவும்.' நான்கு வாக்கியங்களிலும் 'விடு' என்ற துணைவினை வருகிறது. பத்திரத்தில் ஓரிடத்திலும் அது இல்லை. 'முடிந்தது' என்பது செய்தி. 'முடிந்துவிட்டது' என்பதில் செய்தியோடு பெருமூச்சும் சேர்ந்திருக்கிறது. வந்தான், வந்துவிட்டான், வந்து தொலைத்தான் என்ற மூன்றிலும் வந்தவனும் வந்த செயலும் ஒன்றே. சொல்பவரின் மனம்தான் வெவ்வேறு. தமிழில் சொல்பவரின் மனநிலை குடியிருக்கும் இடங்களுள் துணைவினைக்கே முதலிடம் கொடுப்பேன். ஓர் உரையை எழுதியவர் அதற்குள் இருக்கிறாரா, விலகி நிற்கிறாரா என்று அறிய விரும்பினால், நான் முதலில் துணைவினைகளைத்தான் தேடுவேன்.

'எழுதவும்', 'போகவும்' என்ற முடிவுகளையும் கவனிக்க வேண்டும். பத்திரத்தின் 'ஆண்டனுபவித்துக்கொள்ளவும்' என்பதும் அதே அமைப்புத்தான். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும்போது கண்ணில் படும் 'ஒலி எழுப்பவும்' என்ற அறிவிப்பும் அதுதான். ஓரிடத்தில் உரிமை வழங்குகிறது. ஓரிடத்தில் தம்பியை அழைக்கிறது. ஓரிடத்தில் ஓட்டுநரை எச்சரிக்கிறது. எதிரே நிற்பவரிடம் யாரும் 'வந்துவிட்டுப் போகவும்' என்று சொல்வதில்லை. 'வந்துட்டுப் போ' என்போம். எதிரில் ஆள் இல்லாதபோது, 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாட்டை வினைமுடிவில் காட்டாமல் ஏவுவதற்குத் தமிழ் வைத்திருக்கும் வழி இது.

அப்பாயியின் நோட்டில் வினையே கிடையாது. 'காட்டுக்கு 1200. முத்திரைக்கு, எழுத்துக் கூலிக்கு 71-50. பஸ்ஸுக்கு 2-10. காப்பிக்கு 0-60.' செலவுப் பக்கம் முழுவதும் நான்காம் வேற்றுமை ஆட்சி செய்கிறது. 'கு' உருபின் பொருள்களைக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று விரித்த நன்னூல், எல்லாவற்றையும் 'இதற்கு இது' என்று சுருக்கித் தந்தது. ஒரு குடும்பத்தின் கணக்கு நோட்டு அந்தச் சுருக்கத்தின் நேர் உருவம். எதற்கு எவ்வளவு என்பதற்கு மேல் அங்கே எதுவும் தேவையில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்திரம் 'புஞ்சை' என்பதையும் தாத்தா 'பூமி' என்பதையும் அப்பாயி 'காடு' என்கிறார். சேலத்துப் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் காடு என்பதே பெயர். மரம் அடர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதே பக்கத்தின் வரவுப் பகுதியில் ஒரு வரி: 'சங்கிலி 1 — 265.' நான்காம் வேற்றுமை இல்லை, வினை இல்லை, யாருடைய சங்கிலி என்ற குறிப்பும் இல்லை. பத்திரத்தில் பணம் 'ரொக்கமாக' வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்த உரைவகையில் இடமில்லை. தாத்தாவின் கடிதத்தில் 'ஒருவழியாக' என்ற ஒரு சொல் இருக்கிறது. அந்த வழி எது என்பது எழுதப்படவில்லை. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அத்தையிடம் போய்க் கேட்டேன். அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா அந்தக் காட்ட வாங்கறப்ப எனக்குப் பன்னண்டு வயசிருக்கும் கண்ணு. அம்மா வேண்டாம்னு ஒரே புடியா நின்னுச்சு. மலைமேல போயி என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டுச்சு. கடசியில கழுத்துல கெடந்தத கழட்டிக் குடுத்துட்டு, உள்ள போயி அழுதுச்சு."

நின்னுச்சு, கேட்டுச்சு, அழுதுச்சு. நான்கு உரைகளிலும் அப்பாயி எழுவாயாக நின்று வினைமுற்றுக்கு உரியவராக வருவது இங்கே மட்டும்தான். அந்த முற்றுகளும் அஃறிணை வடிவில் இருக்கின்றன. எழுத்துத் தமிழில் தாயை அவ்வாறு குறிப்பது பெருங்குறை. எங்கள் வட்டாரப் பேச்சில் அது நெருக்கத்தின் அடையாளம். அம்மாவையும் அக்காவையும் 'வந்துச்சு' என்றுதான் சொல்வோம். பழக்கமில்லாத பெண்மணியை 'வந்தாங்க' என்போம்.

தமிழின் இரட்டை வழக்கைப் பற்றிப் பேசுவோர், 1959-இல் மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் எழுதிய கட்டுரையிலிருந்தே பெரும்பாலும் தொடங்குவார்கள். அரபி, புதிய கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டிய கிரியோல் ஆகியவற்றைக் கொண்டு, ஒரே சமூகத்தில் உயர்வழக்கு, தாழ்வழக்கு என இரு மொழிவடிவங்கள் வெவ்வேறு பணிகளுக்காக உடன் வாழ்வதை அவர் விளக்கினார். தமிழுக்கும் அது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் என் கையிலிருக்கும் நான்கு உரைகளுக்கு அந்த இரு தட்டுகள் போதவில்லை. அந்தக் கணக்கின்படி பத்திரமும் கடிதமும் ஒரே தட்டில் அமர வேண்டும். இரண்டும் எழுத்து, இரண்டிலும் எழுத்துவழக்கின் வினைமுடிவுகளே உள்ளன. ஆயினும் கடிதத்திலிருந்து பத்திரத்துக்குள்ள தொலைவைவிட, கடிதத்திலிருந்து அத்தையின் பேச்சுக்குள்ள தொலைவு குறைவு. தாத்தாவின் 'முடிந்துவிட்டது' என்பதும் அத்தையின் 'குடுத்துட்டு' என்பதும் ஒரே துணைவினையின் இரு உச்சரிப்புகள். அப்பாயியின் நோட்டோ எந்தத் தட்டிலும் நிற்காது. 'பஸ்ஸுக்கு 2-10' என்பது எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா?

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலை மொழியியலாளர் டக்ளஸ் பைபர் வேறு வழியில் அணுகினார். 1988-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, பேச்சும் எழுத்துமாகப் பல வகை உரைகளில் 67 மொழிக்கூறுகளை எண்ணி, எவை எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று கணக்கிட்டது. பேச்சு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று அவை தெளிவாகப் பிரியவில்லை. சொந்தக் கடிதங்கள் எழுத்தாக இருந்தும் உரையாடலின் பக்கம் சாய்ந்தன. 1966-இல் என் தாத்தா எழுதியதும் அந்தச் சாய்வைத்தான் காட்டுகிறது. ஆங்கிலத்துக்கு வகுத்த பட்டியலை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதால் பயனில்லை. நமக்கான பட்டியலில் துணைவினைகள், எச்சங்களின் நீளம், 'படு' சேர்ந்த செயப்பாட்டுவினை, வினைமுற்றின் திணை பால் மரியாதை, 'தான்', 'ஏ' போன்ற இடைச்சொற்கள், வினையே இல்லாத தொடர்கள் ஆகியவை முதலிடம் பெற வேண்டும். கணினியில் தமிழ் உரைகள் குவிந்துவரும் இக்காலத்தில், செய்தித்தாளின் தமிழை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே முழுத் தமிழ் என்று நம்பிவிடும் ஆபத்து இருப்பதால், இந்த வேலையை நாம் தள்ளிப்போடலாகாது என்று உறுதியாக எண்ணுகிறேன்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பியம் வழக்கு, செய்யுள் என்ற இருகூற்றோடு நிற்காமல், செய்யுளியலில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு நிலங்களைக் காட்டுகிறது. விடுகதைக்கும் பழமொழிக்கும் தனித்தனி இடம் கொடுத்த அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடித்தது.

பத்திரத்தின் சொத்து விவரத்தை இறுதிக்கு வைத்திருந்தேன். 'ஓடைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, பாறைக்குக் கிழக்கு, காப்பித் தோட்டத்துக்குத் தெற்கு, இம்மத்தியில் ஏக்கர் 1.50.' நாம் பேசும்போது நிலத்தின் நடுவில் நின்றுகொண்டு, கிழக்கே ஓடை இருக்கிறது என்போம். பத்திரம் ஓடைக் கரையில் போய் நின்றுகொண்டு, இதற்கு மேற்கே பார் என்கிறது. நன்னூல் எல்லைப் பொருளை ஐந்தாம் வேற்றுமைக்குக் கொடுத்திருக்க, இங்கே அதையும் நான்காம் உருபே ஏற்று நடத்துகிறது. நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், சுற்றியுள்ளவற்றைச் சொல்லியே நிலத்தை வரைந்துவிடும் இந்த நடையைப் பத்திரத் தமிழின் மிகச் சிறந்த பகுதி என்பேன்.

அத்தைக்கு முழுப் பத்திரத்தையும் உரக்கப் படித்துக்காட்டினேன். 'தானாதி வினிமய' என்ற இடத்தில் அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பைத் தேடிக்கொண்டிருந்தார். 'ஓடைக்கு மேற்கு' என்று படித்ததும் கை நின்றது. உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே வலது கையை நீட்டி, சுவரின் ஒரு பக்கத்தைக் காட்டினார். "ஓட இந்தப் பக்கம் கண்ணு. அங்கதான் அம்மா துணி தொவைக்கும்."