1050 டிஐ-யை விட இன்னும் மனசில்லை

2016-ல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டில்தான் இன்னமும் கேம் ஆடுகிறேன். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் பக்கம் போனால் புதுசு கண்ணை இழுக்கும், ஆனாலும் வேண்டாம். 75 வாட்டுக்குள் ஓடுகிற கார்டு இது, பெரும்பாலான மாடல்களில் தனி பவர் கேபிள்கூட இல்லாமல் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்பதால் ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரில்கூட செருகி ஓட்டலாம், காசு குறைவாக இருக்கிற பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

உண்மையான தொல்லை அந்த 4 ஜிபி மெமரிதான். டெக்ஸ்சரை, அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை, உயர்த்தி வைத்தால் அது நிரம்பி, மிச்சம் மெதுவான சிஸ்டம் ராமுக்குப் போய், படம் திக்கித் திக்கி நகரும். முதலில் டெக்ஸ்சர், நிழல் இரண்டையும் குறையுங்கள், அப்புறம் ரெசொல்யூஷன். குறைந்த ரெசொல்யூஷனில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இதில் வராது, அதற்கு அவர்களுடைய புதிய ஆர்டிஎக்ஸ் வரிசை கார்டு வேண்டும். ஆனால் அதே வேலையைச் செய்யும், போட்டி நிறுவனமான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2 என்விடியா கார்டிலும் ஓடும், அந்தத் தாராள மனசுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

நம்ம ஊர் வெக்கைக்கு, தூசி தட்டுவதும் சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனால் அதை மாற்றுவதும் கட்டாயம்.

2025 அக்டோபரோடு, 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறை கார்டுகளுக்குப் புதிய கேம் டிரைவர்களை என்விடியா நிறுத்திவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை. சரி, முடிக்காத பழைய கேம்களே ஸ்டீமில் எனக்கு நிறைய இருக்கின்றன.