எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்த அனுபவம்

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குக் குடிநீர் என்றாலே நிலத்தடி நீரில் அளவுக்கு மேல் கலந்திருக்கும் ஃபுளோரைடு உப்புதான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் என் வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் காவிக் கறை இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதும் எங்கள் பேரூராட்சிக்கும் காவிரித் தண்ணீர் வந்தது. இனி பயமில்லை என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்திருந்தோம். போன மழைக்காலத்தில் அடுத்தடுத்த வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வர, என் தங்கை மகளை மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றும்படி ஆனது.

பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டால், “டேங்க்கைக் கழுவித்தான் விடுறோம், பிளீச்சிங் பவுடரும் போடுறோம்” என்றார்கள். தொட்டிச் சுவரில் கழுவிய தேதி எழுதியிருந்தது, பொய்யில்லை. இதற்கிடையே ஆர்.ஓ. மெஷின் விற்பவர் ஒருவர் வந்தார். எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சியதும் அது பழுப்பாகத் திரண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்தே போனார்கள். அந்தப் பழுப்பில் பெரும்பகுதி கம்பியின் இரும்பு கரைந்து வருவது. உப்பு உள்ள எந்தத் தண்ணீரிலும் அப்படித்தான் ஆகும். அவர் காட்டிய டி.டி.எஸ். மீட்டரும் உப்பின் அளவைத்தான் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. பயந்துபோன ஜனங்களிடம் இப்படி வியாபாரம் செய்வது எனக்குப் பொறுக்கவே இல்லை.

சரி, முறையாகப் பரிசோதித்து விடுவோம் என்று குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போனேன். கட்டணம் கட்டினால் பொதுமக்கள் கொண்டுவரும் தண்ணீரையும் சோதித்துத் தருகிறார்கள். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் போதும். கிருமிச் சோதனைக்கு அவர்களே கிருமி நீக்கிய பாட்டில் தருவார்கள். குழாய் வாயைத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திச் சூடு காட்டி, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடிக்க வேண்டும். நிரம்ப நிரம்பப் பிடிக்கக் கூடாது. ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அங்கிருந்த பெண் அலுவலர் எங்கள் தெருவில் எப்படித் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் என்றேன். “அப்படின்னா ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போங்கம்மா. தண்ணி வந்த உடனே ஒண்ணு, பத்து நிமிஷம் ஓடினப்புறம் ஒண்ணு பிடிங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் வெளிச்சம் போட்டுக் காட்டியது.

ஃபுளோரைடு லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் இருந்தது. இந்தியத் தர அளவு 1, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை, ஆகவே அதில் குறையில்லை. பத்து நிமிடம் கழித்துப் பிடித்த பாட்டிலிலும் கிருமி இல்லை. தண்ணீர் வந்தவுடன் பிடித்ததில் ஈ.கோலை இருந்தது. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாத கிருமி அது. மனிதக் கழிவோ விலங்குக் கழிவோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும், கிருமியைக் கொல்லும் குளோரின் தண்ணீரில் மிஞ்சியிருக்கிறதா என்று டேங்க் ஆபரேட்டர் அண்ணனே வந்து பார்த்தார். சிறிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். தொட்டிக்குக் கீழே உள்ள குழாயில் வந்தது. எங்கள் தெருக் கோடியில் நிறமே மாறவில்லை. கடைசி வீட்டிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது விதி.

ஆக, தொட்டியில் தப்பில்லை, வழியில்தான் கோளாறு. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிவிடும், உள்ளே அழுத்தம் இருக்காது. அப்போது ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே வெளியில் நிற்பது உள்ளே போகும். குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் மோசம். எங்கள் தெருவில் வீட்டு இணைப்புகள் பாதிக்கு மேல் சாக்கடைக் கால்வாய்க்குள் இறங்கித்தான் ஏறின.

அறிக்கையின் நகலை இணைத்துச் செயல் அலுவலருக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். அசைவே இல்லை. அப்புறம் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எங்கள் வார்டின் குளோரின் பதிவேட்டு நகலைக் கேட்டேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் மனு போட்டேன். ‘தண்ணீர் சரியில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது கட்டோடு கட்டாகப் போயிருக்கும். எந்த வீடு, எந்த நேரம், என்ன கிருமி என்று தாளில் இருந்ததால் ஃபிட்டரை அனுப்பினார்கள்.

மூன்றாவது வீட்டுக்கு எதிரே சாக்கடையை வாரியபோது பழைய இரும்புக் குழாய் தெரிந்தது. துருப்பிடித்து விரல் நுழையும் ஓட்டை, அதன்மேல் யாரோ எப்போதோ சுற்றிய சைக்கிள் டியூப் ரப்பர். அதுவும் கிழிந்து கறுப்புத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. இதைத்தான் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஃபிட்டர் தம்பி, “இந்த மாதிரி இன்னும் நெறைய இருக்குதுக்கா” என்றார்.

மெயின் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு வீட்டுக்காரர் செலவு என்றார்கள். முடியாத வீடுகளுக்குத் தெருவாகச் சேர்ந்து போட்டோம். இப்போது எங்கள் வரிசையில் எல்லாம் புதுக் குழாய், சாக்கடைக்கு மேலாகவே போகிறது. மறுபடி பரிசோதித்ததில் முதல் தண்ணீரிலும் ஈ.கோலை இல்லை. மோட்டார் போடும் வீடுகள் சில இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, அது எனக்கு ஆறவே இல்லை.

உங்கள் ஊரில் சந்தேகம் இருந்தால், சரியாகும் வரை முதல் பத்து நிமிடத் தண்ணீரைப் பாத்திரம் கழுவக்கூட வைக்காமல் செடிக்கு விடுங்கள். குடிப்பதைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றிக் குடியுங்கள். ஃபுளோரைடு உள்ள போர்வெல் தண்ணீருக்கு இந்த வைத்தியம் உதவாது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். எங்கள் தெருக்கோடி அடிபம்பில் சோதித்தபோது 2-க்கு மேல் இருந்தது. அதைக் குடிக்க எடுக்க வேண்டாம் என்று பம்பின் மேலேயே பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம். பின்தெருவின் மனு இந்தத் திங்கட்கிழமை போகிறது, அவர்கள் அறிக்கையும் கைக்கு வந்துவிட்டது.