ஃபைலில் காலியாக விட்ட கட்டம்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருந்து குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போகிறவர்கள் பலர் மதுரைக்குத்தான் போகிறோம். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், ஆள் கரையில் இருக்கும்போதே எல்லாம் முடியட்டும் என்று அப்போது ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) தொடங்கினோம். வருமானம் இல்லாத மாதங்களும் அவைதான். நகை அடகுக்குப் போனது.

ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். ஸ்கேனில் கரு தங்கியிருப்பதும் தெரிந்தது. ஆனால் இதயத் துடிப்பு வரவில்லை. ரத்தப்போக்கு கண்டபோது மதுரை வரை போக முடியாமல் ராமநாதபுரத்திலேயே சேர்ந்தேன். கரு கலைந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

அடுத்த முறைக்காக மதுரை போனபோது என் ஃபைல் நகலைக் கேட்டு வாங்கினேன். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. முந்தைய சிகிச்சை விவரத்தில் ‘கர்ப்பம்: ஆம்’ என்று இருந்தது. பிரசவ விவரத்துக்கான கட்டம் காலி.

கவுன்சிலர் மேடத்திடம் கேட்டேன். “உங்க வீட்டுக்காரர் நம்பருக்குப் போன் பண்ணோம்மா, கிடைக்கவே இல்ல” என்றார். தடைக்காலம் முடிந்து அவர் கடலில் இருந்த நேரம் அது. நடுக்கடலில் எந்த சிக்னல் கிடைக்கும்? எங்கள் கரையில் எத்தனையோ பெண்களின் கணக்கு இப்படித்தான் பாதியில் நிற்கும் என்று அப்போதுதான் உறைத்தது. சிகிச்சை மதுரையில், பிரசவமோ இழப்போ சொந்த ஊரில். முடிவு மருத்துவமனைக்குத் தெரிய ஒரு போன்தான் வழி.

வரவேற்பறைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்த வெற்றி விழுக்காடு எதை வைத்து என்றும் கேட்டேன். பாசிட்டிவ் வந்ததை வைத்து என்றார்கள். அப்படியானால் நான் இழந்ததும் அங்கே வெற்றிதான். இதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது எத்தனை பேர் உயிருள்ள குழந்தையோடு வீடு திரும்பினார்கள் என்பது. அந்த எண்ணிக்கையை மொத்தம் எத்தனை பேரைக் கொண்டு வகுக்கிறார்கள் என்பதும் முக்கியம். கருப்பையில் கரு வைக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால், ஊசி போட்டும் முட்டை வளராமல் நிறுத்தப்பட்டவர்களும், முட்டை எடுத்தும் கரு உருவாகாதவர்களும் கணக்கிலேயே வரமாட்டார்கள். விழுக்காடு தானாக உயர்ந்துவிடும்.

நம் நாட்டில் இந்தச் சிகிச்சைகளுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. சிகிச்சையின் முடிவு உட்பட விவரங்கள் அதற்குப் போக வேண்டும். ஆவணங்களைக் குறைந்தது 10 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் காலிக் கட்டத்தோடு போனால் பதிவேடு என்ன செய்யும்? அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த விவரங்களைத் திரட்டும் நோய்க்கட்டுப்பாட்டு மையம், ஒவ்வோர் ஆண்டும் சில மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, அனுப்பிய விவரத்தை அங்குள்ள ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்துவந்தது. இங்கேயும் அப்படி ஒரு சோதனை கட்டாயம் வேண்டும் என்பேன்.

சரி, நான் செய்தது இதுதான். ராமநாதபுரத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் நகலெடுத்து, ‘கருச்சிதைவு என்று பதிவு செய்யவும்’ என ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். முதலில் “இதெல்லாம் எதுக்கும்மா” என்றார்கள். விடாமல் கேட்ட பிறகு திருத்தி, திருத்திய பக்கத்தின் நகலும் தந்தார்கள். அப்புறம் தொடர்பு எண்களில் என் எண்ணையும், வீட்டிலேயே இருக்கும் என் நாத்தனார் எண்ணையும் சேர்க்கச் சொன்னேன்.

பலகை இன்னும் மாறவில்லை. குழந்தை பிறந்த கணக்கைத் தனியாக எழுதிப் போடும்படி அதற்கும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன்.