கடைவாயில் ஒரு வெள்ளைத் திட்டு

பினாங்கு ஜார்ஜ் டவுனில், நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில், அந்த அம்மா என் கவுண்டருக்கு வந்தபோது காலை ஏழரை மணி. மதியம் ஆபரேஷன் என்பதால் முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிபோங் தெபால் பக்கத்திலிருந்து மகன் காரில் கூட்டி வந்திருந்தார். மருத்துவக் காப்புறுதி அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு அவர் கார் நிறுத்த இடம் தேடிப் போனார். பாரத்தை, அதாவது காப்புறுதிப் படிவத்தை, நிரப்பிக்கொண்டே, "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டேன். அவர் ஆள்காட்டி விரலை இடது கன்னத்தில் வைத்து அழுத்தினார்.

"கடைவாயில, பிள்ளை. உள்பக்கம் வெள்ளையா ஒரு திட்டு. குழம்பு பட்டா எரியுது. பல்லுல ஒண்ணுமில்ல, கன்னத்துலதான்."

டாக்டரின் குறிப்பில் 'வாயில் புண், அகற்ற வேண்டும்' என்று ஒரே வரி. நான் அதை அப்படியே பாரத்தில் எழுதி, சிகிச்சை வகை என்ற கட்டத்தில் 'வாய் அறுவை சிகிச்சை' என்று போட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். அந்த அம்மா விரல் வைத்துக் காட்டிய இடமும், பல்லில் ஒன்றுமில்லை என்று அவராகவே சொன்னதும் அந்தப் பாரத்தில் எங்கும் இல்லை.

இதை நான் செய்திருக்கவே கூடாது. தெரியாதவள் செய்தால் சரி, எனக்குத் தெரியும். ஜார்ஜ் டவுனுக்கு வருவதற்கு முன் மூன்று வருடம் கோலாலம்பூரில், அமெரிக்க டாக்டர்களின் பில்களைப் போட்டு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் இரவு ஷிப்டில் இருந்தேன். எங்கள் குழுவுக்கு வந்ததெல்லாம் காது மூக்கு தொண்டையும் வாயும்தான். அமெரிக்காவில் டாக்டர் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் சிபிடி என்று ஐந்து இலக்க எண் உண்டு. வாயில் இருந்ததை எடுத்தேன் என்று மொத்தமாகச் சொன்னால் அங்கே எண் கிடைக்காது. வாயில் எந்த இடம் என்பதுதான் முதல் கேள்வி.

பல்வரிசைக்கு வெளியே, உதட்டுக்கும் கன்னத்துக்கும் உள்பக்கம் இருக்கும் சவ்வு ஒரு பகுதி. அங்கே ஒரு திட்டை வெட்டி எடுத்துத் தையல் போடாமல் விட்டால் 40810. சாதாரணத் தையல் போட்டால் 40812. தையல் சிக்கலானதாக இருந்தால் 40814. அடியில் இருக்கும் தசையையும் சேர்த்து எடுத்தால் 40816. நாக்கில் என்றால் 41110. தையல் போட்டிருந்தால் நாக்கின் முன்பக்க மூன்றில் இரண்டு பங்கிலா, பின்பக்க ஒரு பங்கிலா என்று பார்த்து 41112 அல்லது 41113. நாக்குக்கு அடியில் 41116. அண்ணமும் உள்நாக்கும் 42104. ஈறும் பல்லைத் தாங்கும் எலும்பும் 41825.

என்னோடு சேர்ந்தவர்கள் படம் வரைந்து வைத்து மனப்பாடம் செய்தார்கள். எனக்கு என் பாட்டி பேசிய தமிழ் போதுமாக இருந்தது. வெற்றிலையை மடித்துக் கன்னத்தின் உள்பக்கம், கொடுப்பில் அடக்கிக்கொள்வார். காய்ச்சல் வந்தால் அண்ணம் வறண்டுபோச்சு என்பார், அடிநாக்கு கசக்குது என்பார். எங்களுக்கு இருமல் விடாவிட்டால், உள்நாக்கு வளர்ந்திருக்கும், வாயைத் திற என்று விளக்கை எடுத்து வருவார். டாக்டர்கள் ஒற்றை வரியில் 'வாய்' என்று முடிப்பதைப் பாட்டி இத்தனை இடமாகப் பிரித்து வைத்திருந்தார். அந்தப் பட்டியலின் முக்கால்வாசி இடங்களுக்கு அவரிடம் ஒரு சொல் இருந்தது.

நோயின் பெயருக்கு அவசரப்படக் கூடாது என்பதும் அந்த அலுவலகத்தில் கற்றதுதான். டாக்டருக்குப் புற்று என்று சந்தேகம் இருக்கலாம். ஆனால் வெளிநோயாளி பில்லில் சந்தேகத்தை நோயாக எழுதக் கூடாது என்பது அங்கே விதி. எடுத்த சதை ஆய்வகத்துக்குப் போய் அறிக்கை வரும்வரை பில்லைப் பிடித்து வைப்போம். நோய்க்கும் தனியாக ஓர் எண் உண்டு. வெள்ளைத் திட்டு மட்டும் என்றால் கே13.21. தீங்கில்லாத கட்டி என்றால் டி10.39. கன்னத்தின் உட்சவ்வில் புற்று என்றால் சி06.0. பணம் சீக்கிரம் வரட்டும் என்று அறிக்கைக்கு முன்பே சி06.0 போட்டு அனுப்பிவிட்டால், பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் அந்த மனிதரின் காப்புறுதிப் பதிவில் புற்றுநோய் என்ற சொல் உட்கார்ந்துவிடும். அதை எடுக்க அவர் எத்தனை பேருக்குக் கடிதம் எழுத வேண்டும்!

திட்டை முழுதாக எடுத்து அதையே ஆய்வுக்கு அனுப்பினால், பயாப்ஸி, அதாவது ஆய்வுக்காகச் சதை எடுப்பது, என்று தனியாக ஒரு தொகை கேட்க முடியாது. லேசரால் சுட்டு அழித்துவிட்டால் அது 40820. ஆய்வகத்துக்கு அனுப்பச் சதையே மிஞ்சாது. அந்த எண் வரும்போதெல்லாம், இதற்கு முன்னால் எப்போதாவது பயாப்ஸி எடுத்தார்களா என்று பழைய குறிப்புகளைத் திருப்பிப் பார்ப்பேன். அது உன் வேலையில்லை என்று மேலாளர் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

பினாங்கில் முறை வேறு. இங்கே எங்களுக்கு எல்லாம் ஜிஎல்தான், உத்தரவாதக் கடிதம். நோயாளி உள்ளே போவதற்கு முன்பே, செலவை நாங்கள் கட்டுகிறோம் என்று காப்புறுதி நிறுவனம் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் நோயாளி முன்பணம் கட்ட வேண்டும். தனியார் மருத்துவமனையில் டாக்டர் வாங்கும் கட்டணத்துக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உச்சவரம்பு உண்டு. ஆபரேஷன் அறை, மருந்து, பஞ்சு, கையுறை, கட்டில் இதற்கெல்லாம் அந்த வரம்பு கிடையாது. அதனால் ஒரு சின்னத் திட்டை எடுக்கும் பில்லிலும் டாக்டர் வரிக்குக் கீழே வரிசை நீண்டுகொண்டே போகும்.

மாலை நான்கு மணிக்குப் பதில் வந்தது. நிராகரிப்பு. காரணம்: பல் சிகிச்சையும் வாய் அறுவை சிகிச்சையும் விலக்கு, விபத்தில் நல்ல பற்களுக்குக் காயம் பட்டால் மட்டும் விதிவிலக்கு. இந்த வாசகம் இங்கே விற்கும் பெரும்பாலான மருத்துவக் காப்புறுதிகளில் இருக்கிறது. நான் பாரத்தில் எழுதிய அதே மூன்று சொற்கள் அவர்களுடைய விலக்குப் பட்டியலில் இருந்தன. போதாக்குறைக்கு எங்கள் நிபுணர் வாய், முக அறுவை மருத்துவர். மலேசியாவில் அவர்கள் பல் மருத்துவம் படித்து, அதற்குமேல் அறுவை படித்து, பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர்கள். பாரத்தைப் பார்த்த அதிகாரிக்கு எல்லாமே பல்லாகத்தான் தெரிந்திருக்கும்.

பல்லுக்கும் உடம்புக்கும் நடுவே இப்படிக் கோடு போடுவது இங்கே மட்டுமில்லை. அமெரிக்காவில் முதியோருக்காக 1965-இல் வந்த மெடிகேர் சட்டமும் பல்லையும் பல்லை நேராகத் தாங்கும் பகுதிகளையும் பார்க்கும் செலவை வெளியே வைக்கிறது. கோலாலம்பூரில் இருந்தபோது ஈறு என்ற சொல் வந்தாலே நிமிர்ந்து உட்காருவேன். கன்னமா ஈறா என்பதில்தான் எல்லாமே இருக்கும். அந்த அம்மா காலையிலேயே எனக்குச் சொல்லிவிட்டார், கன்னத்தில்தான் என்று.

விஷயத்தைச் சொன்னபோது மகன் சண்டை போடவில்லை. "அக்கா, எவ்வளவு கட்டணும்?" என்று மட்டும் கேட்டார். நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்) முன்பணம். போனை எடுத்து வங்கிக் கணக்கைப் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். மதியமே நடக்க வேண்டிய ஆபரேஷனுக்காகப் பட்டினியாகக் காத்திருந்த அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, "வாய்யா, வீட்டுக்குப் போவோம். எரிச்சல்தானே, இவ்வளவு நாள் பொறுத்தேன்" என்றார். கையில் மாட்டியிருந்த பட்டையைத் தாதி வெட்டி எடுத்தார். போகும்போது என்னிடம், "வரேன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை நான் முதலில் போனது நிபுணரின் அறைக்கு. அவர் கோபப்படவில்லை. நான் கேட்கக் கேட்க எழுதித் தந்தார். இடது கன்னத்தின் உட்சவ்வு, கடைவாய்ப் பல்லுக்கு நேராக. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றரை. சொரசொரப்பான வெள்ளைத் திட்டு, நடுவில் சிவப்பு. சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துத் தையல் போட வேண்டும், முழு மயக்கம் தேவை, எடுத்தது ஆய்வகத்துக்குப் போகும். பல், ஈறு, எலும்பு எதிலும் நோய் இல்லை. கடைசி வரியை நான்தான் கேட்டு வாங்கினேன். மேல்முறையீட்டுக் கடிதத்தில் அதை முதல் வரியாக வைத்தேன். அட்டை எடுத்து ஆறு வருடம் ஆகிறது என்பதையும் சேர்த்தேன். கட்டி, நீர்க்கட்டி போன்றவற்றுக்கு முதல் 120 நாள் காப்பு கிடையாது என்று ஒரு விதி இருக்கிறது. அடுத்தபடியாக அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும்.

மூன்றாம் நாள் ஜிஎல் வந்துவிட்டது. அந்த அம்மாதான் வரவில்லை.

நான் போன் செய்தேன். மகன், "அம்மா வேணாங்குது அக்கா, கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அடுத்த வாரமும் செய்தேன். தைப்பூசம் முடியட்டும் என்றார். அதற்கு அடுத்த வாரம் அந்த அம்மாவே பேசினார். மருந்து தடவியிருக்கிறேன், எரிச்சல் குறைந்திருக்கிறது என்றார். ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தார். வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றாக மாறுவதில்லை, ஆனால் சிவப்பு கலந்தது மாறும் வாய்ப்பு அதிகம். அந்த ஐந்து வாரமும் காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் அவர் பெயரைத்தான் தேடினேன்.

ஆபரேஷன் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அறிக்கை எட்டாம் நாள் வந்தது. செல்கள் நடுத்தர அளவில் மாறியிருக்கின்றன, புற்று இல்லை, ஓரங்களில் நோய் இல்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் எடுத்திருந்தால் அறிக்கை இன்னும் நன்றாக இருந்திருக்குமா? நிபுணரிடம் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாதும்மா என்றார்.

பதினாலு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனபோது தொடங்கிய வெற்றிலை என்று அந்த அம்மா பிறகு சொன்னார். பசி தெரியாது, கொசு கடி தெரியாது. பினாங்கு என்று இந்தத் தீவுக்குப் பெயரே பாக்கு மரத்தால் வந்தது. மாநிலக் கொடியிலும் அந்த மரம்தான் நிற்கிறது. நம் வீடுகளில் வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்துத்தான் எந்த நல்ல காரியமும் தொடங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985-லேயே புற்றை உண்டாக்குவது என்று சொல்லிவிட்டது. 2004-இல் புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே போதும் என்றது. இந்த நாட்டில் வாய்ப்புற்று இந்தியப் பெண்களிடம் அதிகம் இருப்பது அதனால்தான். என் பாட்டிக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் யாராவது வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

இப்போது வாய் சம்பந்தமான பாரம் எதுவாக இருந்தாலும் நான் உடனே நிரப்புவதில்லை. எங்கே என்று விரலால் காட்டச் சொல்வேன். அவர்கள் சொல்லும் சொல்லை ஒரு துண்டுத் தாளில் தமிழிலேயே எழுதிக்கொண்டு, டாக்டரின் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒத்துவரவில்லை என்றால் பாரம் என் மேசையை விட்டு நகராது. பத்து நிமிடம் கூடும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சீன நோயாளிகளுக்கு வேண்டியதை என் சக ஊழியர் அவர்கள் மொழியில் கேட்டுத் தருகிறார். இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வருகிறவர்களிடம் மலாயிலேயே கேட்டுவிடலாம்.

அந்த அம்மாவின் அட்டை, வீடு திரும்பிய பிறகு 60 நாள் வரைக்கும்தான் டாக்டரைப் பார்க்கும் செலவைத் தரும். நிபுணரோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருந்தார். நாட்களை எண்ணி, 57-ஆம் நாளுக்கு முதல் சந்திப்பைப் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் வருவதற்குக் கைக்காசுதான் என்பதால், வீட்டுக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கிளினிக்கில் காட்டுவதற்கு நிபுணரிடம் ஒரு கடிதமும் அறிக்கையின் நகலும் வாங்கி உறையில் போட்டு வைத்திருந்தேன்.

57-ஆம் நாள் வந்தார். உறையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். அப்புறம் கவுண்டர் மேல் சாய்ந்து, வாயை அகலத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினார். பல் எல்லாம் இன்னும் காவி. உள்ளே, கடைவாய்ப் பல்லுக்கு நேராக, இளஞ்சிவப்பில் நெல் அளவு ஒரு தழும்பு.

"பாரு பிள்ளை, சரியா அந்த இடம்தான்" என்றார்.