எரி, எறி, ஏரி, ஏறி

வாட்ஸப்பில் யாரோ ஈ, ஆர், ஐ என்று மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டியிருக்கிறார். அது எரியா, எறியா, ஏரியா, ஏறியா? தமிழ் பேசி வளர்ந்தவர் முன்பின் சொற்களைப் பார்த்துச் சரியானதைப் பிடித்துவிடுவார். பாதி வாசிப்பு, பாதி ஊகம். மொழியைப் புதிதாகக் கற்பவருக்கு அந்த ஊகம் கைகொடுக்காது. அவருக்குத் தங்கிலீஷில், அதாவது தமிழை ஆங்கில எழுத்தில், பாடம் எழுதித் தருவதை நான் ஏற்பதில்லை.

குறில் நெடிலும், ல-ள, ர-ற, ந-ன-ண பேதங்களும்தான் முதலில் தொலைகின்றன. ழகரத்துக்கு இசட்-எச் போடும் வழக்கம் உண்டு. ஆனால் தமிழ்நாடு என்ற பெயரின் ஆங்கில வடிவத்திலேயே வெறும் எல்தான்!

ஆங்கில எழுத்துதான் வேண்டுமென்றால், இந்திய மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்தில் பெயர்க்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15919 முறை இருக்கிறது. நெடிலுக்கு மேலே கோடு. ட, ண, ளவுக்குக் கீழே புள்ளி. ழ, ற, னவுக்குக் கீழே கோடு. புள்ளியில்லாத டி என்றால் த. எச் சேர்த்தே பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாவச்செயலையும் பரதநாட்டிய பாவத்தையும் தமிழெழுத்து ஒரே மாதிரி காட்டும். தங்கிலீஷ் பி (p), பிஎச் (bh) என்று பிரித்துவிடும். தமிழ்ச் சொற்களில் இந்தச் சிக்கல் குறைவு: க, ட, த, ப சொல்லின் முதலிலோ இரட்டித்தோ வந்தால் வன்மை, மெல்லினத்துக்குப் பின் வந்தால் மென்மை. பக்கம், பங்கு இரண்டையும் சொல்லிப் பாருங்கள்.

247 என்று சொல்லிக் கற்பவரை மிரட்டாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம், துணைக்குறிகள் 11, புள்ளி: மொத்தம் 43 வடிவங்கள். உகர, ஊகார வரிசைகளை மட்டும் (கு, டு, து, மு) தனியாக எழுதிப் பழக வேண்டும். குழப்புபவை வேறு. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். துணைக்காலையும் (ா) ரகரத்தையும் மாற்றிப் படிப்பார்கள். 'கௌ'வின் பின்பாதி ளகரம் போலவே இருப்பதால் 'கெள' என்று தட்டிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, கணினித் தேடலில் சிக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வளைவோடு வரும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.