ரத்தம் கொடுக்காதவர்

“ரத்தம் கொடுக்காததற்குப் பல காரணம் இருக்கும் அம்மா.”

நான் சொன்னது இவ்வளவுதான். ‘அம்மா’வையும் சேர்த்தால் ஆறு சொல். சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். திட்டு வாங்கியிருக்கிறேன். ஒருவர் என் சட்டையைக்கூடப் பிடித்திருக்கிறார். அதெல்லாம் வீட்டுக்குப் போய்க் குளித்ததோடு போய்விட்டது. இந்த ஆறு சொல் மட்டும் போக மறுக்கிறது.

மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்தாரிடம் உறுப்புக்கொடை பற்றிப் பேசுவது என் வேலை. அன்று எதிரே இருந்தவர் இறந்தவரின் அக்கா. அறுபதை நெருங்கும் வயது. தம்பிக்கு மூளையில் ரத்தக்கசிவு. இரண்டு முறை சோதித்து மூளைச்சாவு என்று உறுதிசெய்துவிட்டார்கள். மனைவி, மக்கள் இல்லை. அவர் கையெழுத்திட்டிருந்த கொடையாளர் அட்டையை மேசைமேல் வைத்தேன். அக்கா அதை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“கையெழுத்து அவனுடையதுதான். ஆனால் தம்பி, இவனா?”

என்னையும் தம்பி என்றுதான் அழைத்தார். அப்பாவின் அறுவைச் சிகிச்சைக் கதையை அப்போதுதான் சொன்னார். ரத்தம் வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். மகன் வரிசையில் நின்றிருக்கிறார். முறை வரும் நேரத்தில், இதோ வருகிறேன் என்று போனவர் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தாராம். அப்பா சாகும்வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் அதன் பிறகு அவருக்கு ‘ஓடிப்போனவன்’ என்றே பெயர்.

“அப்பாவுக்கு ஒரு பாட்டில் ரத்தம் கொடுக்காதவன், செத்த பிறகு சிறுநீரகத்தை எடுத்துக்கொள் என்றா எழுதி வைப்பான்? யாரோ இவனை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.”

என் மடியில் கோப்பு இருந்தது. பதினான்கு ஆண்டுகளாக எச்.ஐ.வி. ஒரு நாள் தவறாமல் மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் கீழே அவருடைய மருத்துவரின் கையெழுத்தில் இரண்டு குறிப்புகள். ஒன்று: எச்.ஐ.வி. உள்ளவரும் உறுப்பு தரலாம் என்று அறிந்ததும் தாமாகவே அட்டையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டார். இரண்டாவது, அடிக்கோடிட்டது: குடும்பத்தில் எவருக்கும் தெரியாது, தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அப்பாவின் அறுவைச் சிகிச்சை நடந்தது, இவருக்குத் தம் நோய் தெரியவந்த இரண்டாம் ஆண்டு.

வரிசையில் நின்றவர் ஏன் போனார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் சொன்னேன். இப்படித்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். செத்தவருக்காக ஒரு வார்த்தை பேசினேன், அதில் என்ன குற்றம்? சொன்ன வாக்கியமும் பொய்யில்லை. எவருக்கும் பொருந்தும். எதையும் காட்டிக்கொடுக்காது.

ஆனால் அந்த வாக்கியத்துக்கு அக்கா தலை நிமிர்ந்தார். “என்ன காரணம்?” என்றார்.

“சோகை இருந்திருக்கலாம். மஞ்சள் காமாலை வந்திருக்கலாம். எடை குறைவாக இருந்தால்கூட எடுக்க மாட்டார்கள்” என்று அடுக்கினேன். கேள்விக்குக் காத்திருந்தவன் போல, மூச்சுவிடாமல். மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பது என் காதுக்கே கேட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டார்.

என்னை உறுத்துவது அந்தப் பத்து நிமிடம்தான். செத்தவர் மானத்துக்காகத்தான் பேசினேன் என்றால், அந்தப் பேச்சு கையெழுத்தில் போய் முடிந்தது ஏன்? அட்டையை நம்பாதவரை நம்பவைத்தது அந்த வாக்கியம். அது இல்லாவிட்டால் அவர் மறுத்திருக்கக்கூடும். இரக்கம் என்று நான் நினைத்தது தொழில் சாமர்த்தியமாகவும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும்போது எது எதென்று பிரித்துக் காட்ட என்னிடம் சல்லடை இல்லை.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. நள்ளிரவில் தொற்றுநோய் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். கொடையாளர் இப்போது எந்த மாத்திரை எடுக்கிறார், முன்பு எது, எப்போதாவது மாற்றினார்களா என்று கேட்டார். கோப்பில் பழைய மருந்துகள் இருந்தன, கடைசியாக மாற்றியது இல்லை. கிளினிக் பூட்டிக் கிடந்தது. அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவரின் உறுப்பு எச்.ஐ.வி. உள்ள இன்னொருவருக்குத்தான் போகிறது. வைரஸ் இருவருக்கும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றில்லை. கொடையாளரின் வைரஸ் ஏதாவது மருந்துக்கு மசியாத வகையாக இருந்தால், பெறுபவருக்கு அது இரண்டாவது தொற்றாகப் போய்ச் சேரலாம். அதை அடக்க மருந்தை மாற்றி ரிட்டோனாவிர் போன்றது கலந்த கூட்டுக்குப் போனால், புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் காக்கும் டாக்ரோலிமஸின் அளவு ரத்தத்தில் எகிறிவிடும். எந்த மாத்திரை என்பது அந்த இரவில் வெறும் விவரம் அல்ல.

வெளியே வந்து அக்காவிடம் கேட்டேன். “அவர் வழக்கமாக ஏதாவது மாத்திரை எடுத்துக்கொள்வாரா அம்மா?”

பையிலிருந்து ஒரு வெள்ளை பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். “வைட்டமின் என்று சொல்வான்.” பாட்டிலில் பெயர்ச்சீட்டு இல்லை. நகத்தால் சுரண்டி எடுத்த தடம் இருந்தது. மிச்சமிருந்த பசையில் சட்டைப்பை நூல் ஒட்டிக் கறுத்திருந்தது. ஒரு மாத்திரையைக் கையில் கொட்டி, அதில் பொறித்திருந்த எழுத்தையும் எண்ணையும் விளக்கடியில் பிடித்துப் படித்துத் தொலைபேசியில் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா நின்றுகொண்டிருந்தார்.

“வைட்டமினையா இவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்?”

“எல்லாவற்றையும் பார்ப்பதுதான் வழக்கம்” என்றேன். இதுவும் பொய்யில்லை. பொய்யில்லாத வாக்கியங்களாகவே பேசி ஒருவரை இருட்டில் நிறுத்திவைக்கலாம் என்று அந்த இரவில் தெரிந்துகொண்டேன்.

மருத்துவப் பக்கத்தில் இது எத்தனை தூரம் வந்துவிட்டது என்று நினைத்தால் வியப்புதான். அமெரிக்காவில் 1988இல் வந்த சட்டம், எச்.ஐ.வி. உள்ளவரின் உறுப்பைப் பயன்படுத்துவதையே தடைசெய்தது. 2008இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் எல்மி முல்லர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் முதல் சிறுநீரகங்களை மாற்றிவைத்தார். அங்கே ஒரு பக்கம் எச்.ஐ.வி. இருப்பதால் டயாலிசிஸ்கூடக் கிடைக்காமல் சாகும் நோயாளிகள், மறுபக்கம் எச்.ஐ.வி. இருப்பதால் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட கொடையாளர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். அப்படிச் சிறுநீரகம் பெற்ற 27 பேரின் விவரம் 2015இல் வெளியானது. ஐந்து ஆண்டு கழித்தும் நான்கில் மூன்று பங்கினர் உயிரோடு இருந்தார்கள். அமெரிக்கா 2013இல் தடையை நீக்கி, ஆய்வாக மட்டும் செய்யலாம் என்றது. 2016இல் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் சிறுநீரகமும் கல்லீரலும் மாற்றப்பட்டன. 2024இல் வெளியான ஆய்வில் எச்.ஐ.வி. உள்ள 198 பேர். பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. உள்ளவரின் சிறுநீரகம், பாதிப் பேருக்கு இல்லாதவரின் சிறுநீரகம். பிழைத்திருப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. அந்த ஆண்டு இறுதியில் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஆய்வு என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன். பட்டியல் போட்டுச் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. வகுப்பு முடியும் முன் யாராவது, “கொடையாளரின் குடும்பத்துக்குத் தெரியாவிட்டால்?” என்று கேட்பார்கள். விதியைச் சொல்வேன்: நோய் பற்றிய செய்தி நோயாளிக்குச் சொந்தமானது, செத்தாலும் அவருக்கே சொந்தமானது. அந்த பாட்டில் பற்றிச் சொன்னதில்லை.

அன்று ஒரு சிறுநீரகமும் கல்லீரலும் பயன்பட்டன. இன்னொரு சிறுநீரகத்துக்கு முதலில் அழைத்தவர் வேண்டாம் என்றார். “எனக்கு இருக்கும் வைரஸே போதும், இன்னொருவருடையது எதற்கு?” அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்தவரைத் தேடிப் பிடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

மூத்த ஒருங்கிணைப்பாளர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். “காரணம் இருக்கும் என்று சொன்னதே அதிகம். காரணம் இருக்கிறது என்றல்லவா அதற்கு அர்த்தம்? வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்” என்றார். என் நண்பனான செவிலியனோ நேர் எதிர். எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமல் போடும் கையெழுத்து என்ன கையெழுத்து, அவரிடம் முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றான். இருவரும் உறுதியாகப் பேசினார்கள். அந்த அறையில் இருவருமே இல்லை. ஒருவேளை அதனால்தான் அத்தனை உறுதி. ஆனால் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வதும் எனக்கு வசதியாக இருக்கிறது என்பதைக் கவனிக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து, சிறுநீரகம் பெற்றவரின் கடிதம் வந்தது. பெயர், ஊர் இல்லாமல் கொடையாளரின் குடும்பத்துக்கு எழுதும் கடிதங்கள் எங்கள் வழியாகத்தான் போகும். ஒன்றரைப் பக்கம். டயாலிசிஸ் இயந்திரத்தின் சத்தம் இன்னும் கனவில் கேட்பது பற்றி, பல ஆண்டுக்குப் பிறகு ஒரு முழுக் குவளைத் தண்ணீரை அளவு பார்க்காமல் குடித்தது பற்றி. இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: “என்னைப் போலவே இந்த நோயோடு வாழ்ந்த ஒருவர்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம், நாங்களும் கொடுக்கக்கூடியவர்கள்தான் என்று தோன்றுகிறது.”

அக்கா படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டென்றால் அது இதுதான். அக்காவிடம் போகக்கூடாத வரியும் இதுதான். வேறுவிதமாக எழுதித் தர முடியுமா என்று கடிதம் எழுதியவருடைய மருத்துவர் மூலம் கேட்டோம். “அந்த வரிக்காகத்தான் கடிதமே எழுதினேன்” என்று பதில் வந்தது. கடிதம் கோப்பிலேயே இருக்கிறது. இரண்டாம் பக்கத்தை எடுத்துவிட்டு முதல் பக்கத்தை மட்டும் அனுப்பலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். கிழித்த கடிதத்தையும் சுரண்டிய பாட்டிலையும் ஒருவருக்கே கொடுப்பதா என்று விட்டுவிட்டேன். விட்டது சரியா என்றால், அந்தத் தண்ணீர்க் குவளையாவது அவருக்குப் போயிருக்கலாம்.

சென்ற மாதம் அக்காவே அழைத்தார். கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்பாரோ என்று தொண்டை வறண்டது. கேட்கவில்லை. ஒரு முகாமில் தாம் ரத்தம் கொடுத்ததாகச் சொன்னார். வயது வரம்பு தாண்டுவதற்குள் ஒரு முறையாவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாராம்.

“எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை தம்பி. இதற்கா இவன் அப்படி ஓடினான்?”

வழக்கமாகப் பேசிக்கொண்டே போகிறவர், அந்தக் கேள்வியோடு நிறுத்தினார். மறுமுனையில் ஒரு மின்விசிறி சுற்றும் ஒலி கேட்டது. என் பதிலுக்காகக் காத்திருந்தாரா, சும்மா மூச்சுவாங்கினாரா, தெரியவில்லை.

“சிலருக்கு ஊசி என்றாலே பயம் அம்மா” என்றேன்.

“அப்படியா” என்றார். சிறிது நேரம் கழித்து, “சரி, அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.